கேஸிக்குப் பைத்தியம் பிடித்த கதை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஃபுல்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. வரலாற்றுப் புத்தகங்களில் அந்த ஊருக்கு ஒரே ஒரு நாள்தான் உண்டு: 1946 மார்ச் 5. அன்று அங்குள்ள வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் வின்ஸ்டன் சர்ச்சில் பேசினார். ஐரோப்பாவின் குறுக்கே இரும்புத்திரை விழுந்துவிட்டது என்று அவர் சொன்னது அங்கேதான். அதிபர் ட்ரூமனுக்கு மிசௌரி சொந்த மாநிலம். அவரும் வாஷிங்டனிலிருந்து சர்ச்சிலுடன் ரயிலில் வந்திருந்தார். அந்தப் பேச்சின் நினைவாக, லண்டனில் குண்டுவீச்சில் சிதைந்து நின்ற ஒரு பழைய தேவாலயத்தை 1960-களில் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து ஃபுல்டனில் மறுபடி எழுப்பினார்கள். இன்றைக்கு அந்த ஊருக்குப் போகிறவர்கள் அதைத்தான் பார்க்கப் போகிறார்கள்.

சர்ச்சில் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே அந்த ஊர் இன்னொரு காரணத்துக்காக நாடு முழுக்கப் பேசப்பட்டது. இப்படிப் பேசப்பட்டதை ஊர்க்காரர்கள் விரும்பவில்லை. 1940-ல் ஹென்றி பெல்லமன் என்பவர் ‘கிங்ஸ் ரோ’ என்ற நாவலை வெளியிட்டார். ஃபுல்டனில் 1882-ல் பிறந்தவர். இசை ஆசிரியர், கவிஞர். தென் கரோலினாவில் ஒரு பெண்கள் கல்லூரியில் நெடுங்காலம் இசை கற்பித்துவிட்டு, பிறகு கிழக்குக் கரையின் பெரிய இசைக் கல்வி நிறுவனங்களில் பொறுப்பு வகித்தவர். ஊரைவிட்டுப் போய் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆன பின்பு, அறுபதை நெருங்கும் வயதில், தான் வளர்ந்த ஊரை வேறு பெயரில் எழுதினார். பெயரை மாற்றினாரே தவிர ஊரை மாற்றவில்லை. கல்லூரி அதே கல்லூரி, மருத்துவமனை அதே மருத்துவமனை. படித்த ஃபுல்டன்காரர்கள் இவர் யார், அவர் யார் என்று பெயர் சொல்லும் அளவுக்கு மனிதர்களும் அப்படியே இருந்தார்கள். ஊர் கொதித்தது.

1890-களில் ஒரு சிற்றூரில் ஒன்றாக வளரும் சில பிள்ளைகளின் கதை அது. பாட்டியிடம் வளரும் மிட்செல். பெற்றோர் இல்லாத, கையில் பணம் உள்ள டிரேக். ரயில்வே தொழிலாளியின் மகள் ராண்டி. இரண்டு டாக்டர்களின் இரண்டு மகள்கள், கேஸியும் லூயிஸும். ஊருக்கு இரண்டு டாக்டர்கள் என்பது இந்தக் கதையில் முக்கியம். ஒருவர் டாக்டர் கோர்டன். கோவிலுக்குத் தவறாமல் போகிறவர், ஊர் மதிக்கிறவர். ஒழுக்கம் கெட்டவர்கள் என்று தான் முடிவு செய்தவர்களுக்கு மயக்கமருந்து கொடுக்காமலே கத்தி வைப்பார். மற்றவர் டாக்டர் டவர். யாரோடும் பழகமாட்டார். மனைவி மாடியைவிட்டு இறங்குவதில்லை. மகள் கேஸியைச் சிறுவயதிலேயே பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிடுகிறார். பின்னாளில் அவர் அவளுக்கு விஷம் கொடுத்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறார். ஏன் என்பதற்கு நாவலில் உள்ள விடை, அந்தத் தகப்பன் மகளைப் பல ஆண்டுகளாகச் சீரழித்துவந்தான் என்பது.

1942-ல் இது படமாக வந்தது. வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு, சாம் வுட் இயக்கம். அதில் கேஸியின் மரணத்துக்கு விடை வேறு. அவளுக்குத் தாயிடமிருந்து வந்த பரம்பரைப் பைத்தியம். அது முற்றுவதற்குள், அவளைக் காதலிக்கும் மிட்செலின் வாழ்க்கை பாழாகக் கூடாது என்று தகப்பன் அவள் உயிரையும் தன் உயிரையும் முடித்துக்கொள்கிறார்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மனநல மருத்துவராக வேலை பார்த்தவள். பழைய ஹாலிவுட் படங்களில் ஆசை உண்டு. நாவலையும் படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்த நாளிலிருந்து இந்த ஒரு மாற்றம் என்னை விடவில்லை. தகப்பன் செய்த குற்றத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மகளின் நோயை வைத்திருக்கிறார்கள். சினிமாக்காரர்கள் தணிக்கைக்குப் பயந்து செய்த வேலை என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பயந்தது உண்மைதான். ஆனால் இந்த மாற்றீட்டை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அது அவர்களுக்கு வெகுகாலம் முன்பே மருத்துவத்திலும் குடும்பங்களிலும் வழக்கமாக இருந்தது.

முதலில் படம் எப்படி உருவானது என்று பார்த்துவிடலாம். அமெரிக்க ஸ்டுடியோக்கள் 1930-ல் தங்களுக்கென ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டன. அதை எழுதியதில் பெரும்பங்கு டேனியல் லார்ட் என்ற இயேசு சபைப் பாதிரியாருக்கு. 1934 ஜூலையிலிருந்து அது கறாராக அமலானது. ஜோசப் பிரீன் என்பவரின் அலுவலகம் முத்திரை குத்தாமல் ஒரு படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். பெரிய தியேட்டர்களெல்லாம் ஸ்டுடியோக்களின் கையில் இருந்த காலம் என்பதால், அபராதத்தைவிட திரையிட இடம் கிடைக்காது என்பதே பெரிய பயம். முறைதவறிய உறவை மறைமுகமாகச் சுட்டுவதற்குக்கூட அந்த நெறிமுறையில் இடமில்லை.

‘கிங்ஸ் ரோ’ நாவலை வார்னர் வாங்கியபோது, அதைப் படித்த வொல்ஃப்காங் ரைன்ஹார்ட் என்ற தயாரிப்பாளர் இது படமாகவே ஆகாது என்று எழுதிக்கொடுத்து ஒதுங்கினார். 1941-ல் திரைக்கதையைப் பார்த்த பிரீனின் அலுவலகமும் ஏறக்குறைய அதையே சொன்னது. தகப்பன் மகள் விவகாரம், திருமணத்துக்கு வெளியே உறவு, வலியில் துடிக்கும் பாட்டியைப் பேரனே மருந்து கொடுத்துச் சாகவிடுவது, கொடூர டாக்டர் என்று எல்லாமே தடை. திரைக்கதை ஆசிரியர் கேஸி ராபின்சன் நாவலை ஒரு கப்பல் பயணத்தில் படித்து, இது ஆகாது என்று வெறுத்துப்போய், பிறகு யோசித்து ஒரு வழி கண்டார். தகாத உறவு இருந்த இடத்தில் பைத்தியத்தை வைத்துவிட்டால் மீதிக் கதை நிற்கும். நின்றது. மிட்செலின் இன்னொரு சிறுவயது நண்பன், ஆண்களை நேசிக்கிற ஜேமி, படத்தில் இல்லவே இல்லை. பாட்டி புற்றுநோயில் இயல்பாகக் கண் மூடுகிறாள்.

படமாகப் பார்த்தால் இது மோசமான படம் அல்ல. நல்ல படம் என்றே சொல்வேன். ஜேம்ஸ் வாங் ஹோவின் ஒளிப்பதிவும், ஒவ்வொரு காட்சியையும் முன்கூட்டியே வரைந்து வைத்த வில்லியம் கேமரன் மென்சீஸின் கைத்திறனும் சேர்ந்து, அழகான ஊருக்குள்ளேயே ஒரு இருட்டைக் கொண்டுவருகின்றன. சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு என மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்டின் இசை இன்றும் தனியாகக் கேட்கப்படுகிறது. ரொனால்ட் ரேகன், பின்னாளில் அமெரிக்க அதிபரானவர், டிரேக்காக நடித்தார். அவருடைய நடிப்பு வாழ்க்கையில் உச்சம் இதுதான் என்று அவரே நம்பினார்.

ஒரு காட்சியைச் சொல்லியாக வேண்டும். பணம் எல்லாம் போய், ரயில்வே கிடங்கில் கூலி வேலைக்கு வந்த டிரேக் விபத்தில் சிக்குகிறான். அவனைப் பார்க்க வருவது டாக்டர் கோர்டன். தன் மகள் லூயிஸ் இவனை விரும்புவது அவருக்குப் பிடிக்காது. டிரேக் கண் விழிக்கிறான். ஏதோ சரியில்லை. கை மெதுவாகப் போர்வைக்கு மேல் கீழ்நோக்கிப் போகிறது, இருக்க வேண்டிய இடத்தில் கால்கள் இல்லை. முகத்தில் புரிதல் வருவதற்கும் அலறல் வருவதற்கும் நடுவில் ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில்தான் ரேகன் நடிகராகிறார். இந்தக் காட்சிக்காக அவர் டாக்டர்களையும் கால் இழந்தவர்களையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். மெத்தையில் ஓட்டை போட்டு, கால்களை அதற்குள் விட்டு, படப்பிடிப்புக்கு வெகுநேரம் முன்பே அப்படியே படுத்திருந்தாராம். அலறி அவன் கேட்கும் கேள்வியையே, என் மீதி எங்கே என்பதையே, 1965-ல் எழுதிய தன்வரலாற்றுக்குத் தலைப்பாக வைத்தார்.

கோர்டன் வெட்டிய அந்தக் கால்களை வெட்டியிருக்கத் தேவையே இல்லை. இது லூயிஸுக்கு மட்டும் தெரியும். அவளிடம் பிறகு வருகிறேன்.

டாக்டர் டவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். அந்த வேடத்தில் கிளாட் ரெய்ன்ஸ். எதையும் உரக்கச் சொல்லாமல், தொண்டைக்குள் அடக்கியே ஒரு மனிதனின் துக்கத்தைக் காட்டிவிடக்கூடிய நடிகர். மிட்செலுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுப்பதும், மனநோய் மருத்துவம் என்ற புதிய துறையில் அவனுக்கு ஆர்வத்தை மூட்டுவதும் டவர்தான். சாகும்போது தன் சொத்தையும் அவனுக்கே எழுதிவைக்கிறார். அவருடைய நோட்டுப் புத்தகத்தை மிட்செல் படிக்கிறான். மகளின் அறிகுறிகளை அவர் அதில் நாள்வாரியாகக் குறித்திருக்கிறார். பார்க்கிற நமக்கும் அந்த மனிதர்மேல் இரக்கம் சுரக்கிறது. எவ்வளவு பெரிய தியாகம் என்று தோன்றுகிறது.

என்னால் தாங்க முடியாத இடம் இதுதான். தீமை செய்கிறவன்மேல் பார்வையாளருக்குப் பரிவு வரக்கூடாது என்பது பாதிரியார் எழுதிய நெறிமுறையின் அடிப்படை. அந்த நெறிமுறையைக் காப்பாற்றப் போய், தீமை செய்தவனையே தியாகி ஆக்கிவிட்டார்கள். குற்றம் நடந்ததன் தடயங்களெல்லாம் படத்தில் அப்படியே இருக்கின்றன: பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சிறுமி, பூட்டிய வீடு, மாடியில் அடைந்துகிடக்கும் தாய், மின்னலும் இடியுமான இரவில் என்னை எங்காவது கூட்டிப்போ என்று காதலனிடம் கெஞ்சும் பெண், அப்பா என்றாலே நடுங்கும் உடம்பு. பெட்டி ஃபீல்ட் அந்த நடுக்கத்தைத் துல்லியமாக நடித்திருக்கிறார். ஒரு குழந்தைக்கு என்ன நடந்திருக்கும் என்று கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற யாரும் அந்த முகத்தைப் பார்த்தாலே கேட்பார்கள். படம் கேட்கவில்லை. தடயங்களையெல்லாம் அறிகுறிகள் என்று பெயர் மாற்றி நோயின் கணக்கில் எழுதிவிடுகிறது.

மிட்செல் மனநோய் மருத்துவம் படிக்க எங்கே போகிறான் தெரியுமா? வியன்னாவுக்கு. காலம் 1900-ஐ ஒட்டியது. கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் அந்த ஊரில் அந்த ஆண்டுகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்குப் பதிவு இருக்கிறது.

1896 ஏப்ரல் 21. வியன்னாவின் மனநோய், நரம்பியல் மருத்துவர் சங்கத்தில் சிக்மண்ட் ஃப்ராய்ட் ஒரு கட்டுரை படித்தார். ஹிஸ்டீரியா என்று தன்னிடம் வந்த 18 பேரைப் பற்றியது. அத்தனை பேருக்கும் சிறுவயதில் பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கிறது, நோய்க்கு வேர் அதுதான் என்றார். அவைக்கு அது பிடிக்கவில்லை. மறு ஆண்டு, 1897 செப்டம்பர் 21-ல், நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில் தன் கொள்கையில் தனக்கே நம்பிக்கை போய்விட்டது என்றார். அதற்கு அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று, இது உண்மையானால் ஒவ்வொரு நோயாளிக்கும் அவளுடைய தகப்பனைக் குற்றவாளியாக்க வேண்டியிருக்கிறதே என்பது. அந்தக் கடிதங்கள் 1950-ல் முதன்முதலாக அச்சேறியபோது பல பகுதிகளை விட்டுவிட்டே அச்சிட்டார்கள். முழுத் தொகுப்பு வர 1985 ஆனது.

இதைவிட என்னை உலுக்கியது ஒரு அடிக்குறிப்பு. 1895-ல் புரூயரும் ஃப்ராய்டும் சேர்ந்து வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வுகளில் கதரீனா என்று ஒரு பெண் வருகிறாள். ஆல்ப்ஸ் மலையில் ஃப்ராய்ட் விடுமுறைக்குப் போன இடத்தில், விடுதியில் உணவு பரிமாறிய இளம்பெண். மூச்சு முட்டுகிறது, நெஞ்சை அழுத்துகிறது, யாரோ பின்னால் நின்று பிடிக்கப்போவது போல் இருக்கிறது என்கிறாள். பேசப் பேச, மாமா தன்னிடம் தவறாக நடக்க முயன்றதைச் சொல்கிறாள். புத்தகத்தில் இருப்பது மாமா. 1924-ல், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, ஃப்ராய்ட் கீழே ஒரு குறிப்பு சேர்த்தார்: அது மாமா அல்ல, அவளுடைய தகப்பன். நாகரிகம் கருதி மாற்றினேன், இந்த அளவுக்கு மாற்றியிருக்கக் கூடாது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அதை எழுதியதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அந்த முப்பது ஆண்டுகள் உலகெங்கும் மருத்துவர்கள் மாமாவைத்தான் படித்தார்கள். வியன்னாவில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பும் மிட்செல், கேஸிக்கு என்ன நடந்தது என்று அறியாமலே ஒரு நல்ல மனநோய் மருத்துவனாகத் திரும்பியிருப்பான். அன்றைய படிப்பு அப்படி.

இன்றைய படிப்பு வேறு என்று சொல்லிவிட முடிந்தால் நன்றாக இருக்கும். நான் முதுநிலை படித்த எழுபதுகளின் கடைசியில் எங்கள் துறை நூலகத்தில் இருந்த தடித்த அமெரிக்கப் பாடநூல் 1975-ல் வந்த பதிப்பு. ஃப்ரீட்மன், கேப்லன், சேடக் மூவரும் தொகுத்தது. உலகம் முழுக்க, நம் ஊர் மருத்துவக் கல்லூரிகளிலும், அதுதான் வேதம். இரத்த உறவுக்குள் நடக்கும் பாலியல் குற்றம் பத்து லட்சம் பேருக்கு ஒன்று என்ற அளவில் இருக்கலாம் என்று அதில் இருந்தது. பத்து லட்சத்தில் ஒன்று என்றால், ஒரு மருத்துவர் தன் ஆயுள் முழுக்கப் பார்த்தாலும் ஒருவரைக்கூடப் பார்க்க மாட்டார். இல்லாத ஒன்றை எதற்குக் கேட்பது?

தென்மாவட்டம் ஒன்றில் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்த முதல் ஆண்டிலேயே அந்த எண்ணிக்கை என் கண்முன் உடைந்தது. ஒரு பெண், பதினாறு பதினேழு வயதிருக்கும். வலிப்பு என்று கூட்டிவந்தார்கள். வலிப்பு அல்ல என்பது பார்த்தவுடன் தெரிந்தது; நாக்கு கடிபடவில்லை, விழுகிறபோது அடிபடாத இடம் பார்த்து விழுகிறாள், இரவு நேரத்தில் வீட்டில் மட்டும்தான் வருகிறது. ஏற்கெனவே கோடாங்கி பார்த்தாகிவிட்டது, வேப்பிலை அடித்தாகிவிட்டது. நான் அவளிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் நின்ற தகப்பனார் பதில் சொன்னார். “டாக்டரம்மா, அவ ஒண்ணும் பேச மாட்டா. நாஞ் சொல்றேன், நீங்க எழுதிக்கங்க.” கேஸ் ஷீட்டில் நோயாளியின் கூற்று என்று ஒரு பகுதி உண்டு. அங்கே தகப்பனாரின் கூற்றை எழுதுவதுதான் எல்லா இடத்திலும் வழக்கமாக இருந்தது. அவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். கதவைச் சாத்தியபின் அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பேசியதை இங்கே எழுத மாட்டேன்; அது அவளுடையது.

அமெரிக்காவில் இந்த மாற்றீடு மெதுவாகத்தான் கலைந்தது. 1956-ல் கிரேஸ் மெட்டாலியஸ் ‘பெய்ட்டன் பிளேஸ்’ எழுதினார். அதுவும் சிற்றூர், அதுவும் புதைத்த ரகசியங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் நிஜமாகவே ஒரு பெண் தன்னைச் சீரழித்த தகப்பனைக் கொன்ற வழக்கு அதற்கு அடிப்படை. கையெழுத்துப் படியில் தகப்பன் என்றுதான் இருந்தது. வாசகர்கள் தாங்க மாட்டார்கள் என்று பதிப்பகம் மாற்றச் சொன்னது. அச்சில் அவன் மாற்றாந்தகப்பன் ஆனான். லட்சக்கணக்கில் விற்றது அந்த நாவல். 1968-ல் பழைய நெறிமுறையைக் கைவிட்டு, வயதுவாரியாகச் சான்றிதழ் கொடுக்கும் முறைக்கு ஹாலிவுட் மாறியது. 1974-ல் வந்த ‘சைனாடவுன்’ படத்தில் தகப்பன் தகப்பனாகவே வந்தான்.

மருத்துவம் சினிமாவுக்குப் பின்னால் வந்தது என்பதுதான் வெட்கம். அடிபட்ட குழந்தைகளின் எலும்புகளை எக்ஸ்ரேயில் பார்த்து, இது விபத்தல்ல, பெற்றோர் அடித்தது என்று ஹென்றி கெம்ப் குழுவினர் 1962-ல் எழுதியபோது அமெரிக்கா அதிர்ந்தது. ஐந்தே ஆண்டுகளில் எல்லா மாநிலங்களிலும் புகாரளிப்புச் சட்டங்கள் வந்தன. எலும்பு சாட்சி சொல்லும். எக்ஸ்ரேயில் வராத குற்றத்துக்குச் சாட்சி பெண்கள் மட்டுமே. 1971-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு பெண்ணியக் கூட்டத்தில் சமூகப் பணியாளர் ஃப்ளாரன்ஸ் ரஷ் எழுந்து, ஃப்ராய்டிலிருந்து இன்றுவரை எல்லோரும் குழந்தைகளை நம்பாமல் விட்டதைப் பேசினார். 1978-ல் டயானா ரஸ்ஸல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 930 பெண்களை நேரில் கண்டு கேட்க வைத்தார். கேட்டவர்கள் பயிற்சி பெற்ற பெண்கள். தனியாக உட்கார்ந்து, பல விதமாகக் கேட்டார்கள். பதினெட்டு வயதுக்குள் சொந்தக் குடும்பத்தில் ஒருவரால் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் 16 சதவீதம். தகப்பனால் மட்டும் 4.5 சதவீதம். எங்கள் பாடநூலின் பத்து லட்சத்தில் ஒன்று மூன்றே ஆண்டுகளில் இப்படி ஆனது. பெண்கள் மாறவில்லை. கேட்ட விதம் மாறியது.

இனி ஃபுல்டனுக்குத் திரும்பலாம். பெல்லமன் வளர்ந்த ஊரில் மிகப் பெரிய கட்டடம் கல்லூரி அல்ல. மிசௌரி சட்டமன்றம் 1847-ல் முடிவெடுத்து, 1851-ல் திறந்த மனநோய் மருத்துவமனை. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அரசு கட்டிய முதல் மனநோய் மருத்துவமனை அது. இன்றும் அதே ஊரில் இயங்குகிறது. ஊரில் பலருக்குச் சோறு போட்டதும், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயம் காட்டியதும் அதுதான். அத்தகைய இடங்களுக்கு யார் எப்படி அனுப்பப்பட்டார்கள் என்பது அந்த நூற்றாண்டின் பெரிய கேள்வி. பக்கத்து இல்லினாய் மாநிலத்தில் 1851-ல் வந்த சட்டப்படி, மனைவியை அனுப்பக் கணவனின் வார்த்தையும் மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் சம்மதமும் போதும். விசாரணை வேண்டாம், சாட்சி வேண்டாம். எலிசபெத் பேக்கர்ட் என்ற பெண், பாதிரியாரான தன் கணவனின் மதக் கருத்துகளை மறுத்துப் பேசினார். 1860 ஜூனில் அவரை ஜாக்சன்வில் மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். வெளியே வந்த பின்பும் வீட்டில் ஜன்னலை ஆணியடித்து அடைத்தான் கணவன். 1864 ஜனவரியில் வழக்கு நடுவர் குழு முன் வந்தது. அவருக்குப் பைத்தியம் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு ஏழு நிமிடம் போதுமானதாக இருந்தது. பிறகு அவர் தன் வாழ்நாளை மாநிலம் மாநிலமாகச் சட்டம் மாற்றச் சொல்லிப் போராடுவதில் கழித்தார்.

பெல்லமனுக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. அந்தக் கட்டடத்தின் நிழலில் வளர்ந்தவர். அதனால்தான் லூயிஸ் கோர்டன் என்ற பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. நல்லவேளையாக, பிரீனின் அலுவலகம் கேஸியைக் கவனித்த அளவு லூயிஸைக் கவனிக்கவில்லை. படத்தில் அவள் அப்படியே தப்பிவிட்டாள்.

டிரேக்கின் கால்களைத் தன் தகப்பன் வேண்டுமென்றே வெட்டினார் என்று லூயிஸுக்குத் தெரியும். அதை ஊருக்குச் சொல்வேன் என்று கத்துகிறாள். கோர்டன் அவளை அடக்கும் விதம் நிதானமானது. வாயைத் திறந்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார். அறைக்குள் பூட்டிவைக்கிறார்கள். ஊரார் விசாரித்தால் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்ற பதில். கோர்டன் இறந்தபின் தாய் அந்த வேலையைத் தொடர்கிறாள். வியன்னாவிலிருந்து வந்த புது மனநோய் மருத்துவர் மிட்செலைக் கூப்பிட்டு, மகளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறாள். நான்சி கோல்மன் அந்த இடத்தில் நடிப்பதைப் பாருங்கள். கலைந்த தலை, சிவந்த கண், சொல்வதை யாராவது நம்ப மாட்டார்களா என்ற வேகம். பைத்தியம் போலவே இருக்கிறாள். உண்மை பேசுகிறாள்.

மிட்செல் என்ன செய்கிறான்? இந்த உண்மை டிரேக்கின் காதுக்குப் போனால் அவன் உடைந்துபோவான் என்று பயப்படுகிறான். லூயிஸுக்கு நோய் இல்லை என்று தெரிந்தும், அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் என்ன என்று யோசிக்கிறான். கதாநாயகன், நல்லவன், படித்தவன், சிறுவயதுத் தோழன். நண்பனைக் காப்பாற்றத் தோழியைப் பூட்டப் பார்க்கிறான். கடைசியில் மனம் மாறி டிரேக்கிடமே போய்ச் சொல்லிவிடுகிறான். டிரேக் நொறுங்கவில்லை, சிரிக்கிறான். இசை முழங்க படம் முடிகிறது. முடிவு எனக்கு முக்கியமில்லை. அந்த யோசனை அவனுக்கு வந்ததே, அதுதான் முக்கியம். கேஸி விஷயத்தில் படம் எதை மறைத்ததோ, அது எப்படி மறைக்கப்படுகிறது என்பதை லூயிஸ் விஷயத்தில் அதே படம் கைபிடித்துக் காட்டிவிட்டது. தணிக்கை செய்தவர்களுக்கும் தெரியாது, ஒருவேளை எடுத்தவர்களுக்கும் தெரிந்திருக்காது.

ஓய்வுபெற்ற பின்பும் ஆண்டுக்கு ஒருமுறை முதுநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கப் போகிறேன். லூயிஸும் மிட்செலும் பேசும் காட்சியை மட்டும் போட்டுக்காட்டி, முன்கதை எதுவும் சொல்லாமல், இந்த நோயாளிக்குக் கேஸ் ஷீட் எழுதுங்கள் என்பேன். கிளர்ச்சி, சந்தேக எண்ணம், தகப்பன்மேல் அடிப்படையற்ற குற்றச்சாட்டு என்று அழகாக எழுதுவார்கள். தகவல் தந்தவர் என்ற இடத்தில் தாய் என்று எழுதி, நம்பத்தகுந்தவர் என்று டிக் அடித்திருப்பார்கள். அதன்பிறகுதான் முழுப்படத்தையும் போடுவேன். விளக்கு போட்டதும் தாள்களைத் திருப்பிக் கேட்கிறவர்கள் உண்டு, திருத்தித் தருகிறேன் என்று. கொடுப்பதில்லை. அடுத்த நாள் வார்டுக்குப் போகும்போது, உறவினர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு யார் முதலில் கதவைச் சாத்துகிறார்கள் என்று பார்ப்பேன்.